ரிசப்ஷன் ஃபைனல் - 2

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபத்துமூன்றுக்கு நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நேரம் சரியாக நினைவிருக்கிறது. ஈரக் கையோடு போனை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோ அண்ணாச்சி கூப்பிடுகிறார்.

"ஜமீலா, எங்கன இருக்க?"

"வீட்டுல அண்ணாச்சி. மீனு..."

"மீன அங்கன போட்டுட்டுக் கெளம்பி வா. மண்டபத்துல ஸ்கிரீன்ல பொண்ணு மாப்பிள்ள வரல. ஒரு பயல்லா வாரான். பஸ்ஸு மேல கல்லெறிஞ்சது நான்தாங்கான்."

"எந்தப் பய?"

"எந்தப் பயலா? இங்கன பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்கானே, அந்தப் பயதான். சனம் ஸ்கிரீனப் பாக்கு, திரும்பி அவனப் பாக்கு. மொத வரிசையில எஸ்.ஐ. உக்காந்திருக்காரு."

போனை வைத்துவிட்டேன். மீனையும் வைத்துவிட்டேன். பூனை வந்ததா என்று பிறகு நான் விசாரிக்கவில்லை.

மிக்ஸிங்

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெண்ணைப் பெற்றவர்கள் அழுகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பதற்கு எங்கள் பக்கம் மிக்ஸிங் என்று பெயர். இருபத்தொரு வருடமாக அதுதான் என் வேலை. முதலில் பாளையங்கோட்டையில், அண்ணாச்சியின் ஸ்டுடியோ மாடியில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து செய்தேன். பிறகு அண்ணாச்சி கம்ப்யூட்டரை மேலப்பாளையத்தில் என் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். வீட்டுக்காரர் சார்ஜாவில். ஒரே மகள் ரிஸ்வானா, கல்லூரியில் விஸ்காம் கடைசி வருடம்.

தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் தொழில் சங்கத்தில் கேட்டார்கள். ஸ்லோ மோஷனை எங்கே வைப்பது, அழுகிற அத்தையை எத்தனை விநாடி காட்டுவது என்றெல்லாம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை தானாக அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போகிறது. அதனால் அதையே எழுதிவிடுகிறேன்.

தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். பெயர் எழுதமாட்டேன். ஊருக்கு மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டும் வேறு வேறு சாதி. எந்தச் சாதி என்றும் எழுதமாட்டேன். இரண்டு தெருவும் எங்கள் ஸ்டுடியோவின் பழைய வாடிக்கை. நாங்கள் இரண்டிலும் சேராதவர்கள் என்பதால் இரண்டு வீட்டுக் கல்யாணமும் எங்களுக்குத்தான் வரும்.

ஐந்து வருடம் முன்பு அந்த ஊருக்குப் போகும் ஒரே மினி பஸ்ஸில் ஒரு பாட்டுப் போட்டார்கள். அது ஒரு தெருவுக்குப் பெருமையான பாட்டு. இன்னொரு தெருவுக்கு வம்புப் பாட்டு. பஸ் கண்ணாடி உடைந்தது. டிரைவருக்குப் புருவத்தில் தையல். மறுநாள் இரண்டு தெருவிலும் மண்டை உடைந்தது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் தெருவுக்கொரு கலரில் கயிறு கட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஊர் நடுவில் போலீஸ் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. கண்ணாடியை உடைத்தது அடையாளம் தெரியாத நபர்கள் என்று டிரைவர் கொடுத்த புகார் அப்படியே நிற்கிறது. அன்றிலிருந்து பஸ்ஸில் சினிமாப் பாட்டே கிடையாது. ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி மட்டும்தான். அந்த ஊரில் இருபது வயதுப் பிள்ளைகளை எழுப்பிக் கேட்டாலும் நெற்பயிரில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்ன மருந்து என்று சொல்வார்கள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்த கல்யாணத்துக்கெல்லாம் போலீஸ் வரும். என் வேலையும் மாறியது. பெண்ணின் அப்பா ஸ்டுடியோவுக்கு வந்து முதலில் கேட்பது இதைத்தான்:

"எம்மா, காக்கி தெரியக்கூடாது பாத்துக்க. நாளைக்குச் சம்பந்தி வீட்டுல போட்டுப் பாப்பாவ. தாலி கட்டுத எடத்துல லத்தியோட ஒரு ஆளு நின்னா எங்க ஊரப் பத்தி என்ன நெனப்பாவ?"

வெட்டினேன். ஊர்வலத்துக்கு முன்னால் போகும் ஜீப்பை வெட்டினேன். மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் தெரிந்த தொப்பிக்கு மேல் பூ விழுகிற மாதிரி ஒரு எஃபெக்ட் போட்டேன். ஒரு கல்யாணத்தில் கான்ஸ்டபிள் ஒருவர் எல்லாப் பக்கமும் நின்றிருந்தார். வேறு வழியில்லாமல் அவருக்கு மேல் ஒரு ஜோடிப் புறாவைப் பறக்கவிட்டேன். வெட்டின துண்டுகளை எல்லாம் அழிக்கக்கூடாது என்பது தொழில் விதி. யாராவது திரும்பி வந்து கேட்பார்கள். அதனால் 'வேஸ்ட்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன்.

வேஸ்ட் ஃபோல்டர்

ரிஸ்வானாவுக்குக் கடைசி வருடத்துக்கு ஒரு டாகுமெண்டரி எடுக்க வேண்டியிருந்தது. ஆற்றில் குளிக்கிற பறவைகளை எடு என்று நான் சொன்னேன். பறவைகள் பதில் பேசாது, போலீஸுக்குப் போகாது. அவள் ஒரு மத்தியானம் என் கம்ப்யூட்டரில் வேஸ்ட் ஃபோல்டரைத் திறந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் அசையாமல் பார்த்தாள்.

"உம்மா, அஞ்சு வருசமா நீ வெட்டிப் போட்டதுதான் அந்த ஊரு. குடுத்ததெல்லாம் சும்மா கலர் லைட்டு."

"ஏட்டி, அது கஸ்டமர் சாமான். தொடாத."

தொட்டுவிட்டாள். அதிலிருந்து நேரடியாக எதையும் எடுக்கவில்லை. அந்த அளவுக்கு என் பேச்சைக் கேட்டாள். ஆனால் அவள் வகுப்பிலேயே அந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். மேலத்தெரு கார்த்திகா, கீழத்தெரு இசக்கி. மூன்று வருடமாக ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஊர் எல்லையில் பேச்சை நிறுத்திக்கொள்கிறவர்கள். சண்டை நடந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் படம் என்று மூவரும் முடிவு செய்தார்கள். என்னைக் கேட்கவில்லை.

கார்த்திகா கீழத்தெருவுக்குப் போக முடியாது. இசக்கி மேலத்தெருவுக்குப் போக முடியாது. ஆளுக்கொரு போனில் தங்கள் தெருவை எடுத்து வந்து கல்லூரி கேண்டீனில் ரிஸ்வானாவிடம் கொடுத்தார்கள். அதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. பேட்டி என்று சொன்னால் ஊரில் யாருக்கும் புரியவில்லை. கேமராவைக் கண்டதும் குடும்பமாக வரிசையில் நின்று, சின்னப் பிள்ளையை முன்னால் இழுத்து, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள். "கல்யாண வீடியோ இல்ல பெரியப்பா, பேசுங்க" என்று கார்த்திகா பின்னாலிருந்து கெஞ்சுகிறாள். அவர் அப்படியே நின்றபடி, உதடு மட்டும் அசைய, "என்ன பேச? நல்லா இருக்கணும் ரெண்டு பேரும்" என்கிறார்.

கார்த்திகாவின் கதை வேறு. சண்டைக்குப் பிறகு மூன்று மாதம் மேலத்தெருப் பெண்பிள்ளைகளை பஸ் ஏறவிடவில்லை. போனில்தான் பாடம். தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏழாவது படிக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். பத்தாம் வகுப்புக் கணக்கை முழுவதும் அந்தப் படியில் தொங்கிக்கொண்டே படித்திருக்கிறாள். கீழே தொட்டி திறக்கிற ஆள் தினமும், "ஏட்டி, பாஸாவியோ மாட்டியோ, மொதல்ல முழுசா எறங்கு" என்று கத்துவாராம். இதை அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். படத்தின் மிக்ஸிங்கும் என் தலையில்தான் விழுந்தது; அந்த இடத்தை நான்கு தரம் பார்த்தேன். நான்காவது தரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பச்சைத் துணிக்கு முன்னால்

இசக்கியின் பேட்டியை என் வீட்டில்தான் எடுத்தார்கள். பெண் மாப்பிள்ளையை ஊட்டியில் நிற்க வைப்பதற்காக நான் வைத்திருக்கும் பச்சைத் துணிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நான் அடுக்களையில் இடியாப்பம் பிழிந்துகொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

"அன்னைக்கு நான் பத்தாவது. வாய்க்கால் பாலத்துல எல்லாவனும் கல்லோட நின்னானுவ. அண்ணனுவ எறிஞ்சானுவ, நானும் எறிஞ்சேன். மத்தவன் கல்லு எங்க போச்சுன்னு தெரியாது. என் கல்லு கண்ணாடிய ஒடச்சிட்டு உள்ள போறத நான் பாத்தேன். வேலாயுதண்ணன் நெத்தியப் புடிச்சிக்கிட்டு ஸ்டியரிங்ல சாஞ்சாரு. மறுவாரம் பள்ளிக்கூடம் தொறந்துட்டு. அதே பஸ்லதான் போனேன். வேற பஸ்ஸு கிடையாதுல்லா."

வேலாயுதம் என்பது அந்த மினி பஸ் டிரைவர். பக்கத்து ஊர்க்காரர், இரண்டு தெருவுக்கும் வேண்டியவர்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு இசக்கி உள்ளே வந்து பன்னிரண்டு இடியாப்பம் சாப்பிட்டான். நான் இடியாப்ப உரலைக் கீழே வைத்துவிட்டேன். காரணம் இருந்தது. அவன் ரயில்வே தேர்வில் பாஸாகியிருந்தான். அடுத்த மாதம் போலீஸ் வெரிஃபிகேஷன். ஒரு கேஸில் பெயர் வந்தால் வேலை போய்விடும். அவன் அம்மா வயலில் நாற்று நட்டு அவனைப் படிக்க வைத்தவள்.

"அந்த எடத்த வெட்டிருவோம் ரிஸ்வானா."

"அத வெட்டினா படமே இல்ல உம்மா."

"படம் இல்லாட்டி என்ன? பய இருப்பான்லா!"

"அவன்ட்ட கேளு."

கேட்டேன். அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "வெட்டாதீங்கம்மா. நான் அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றான்.

கடைசியில் ஓர் உடன்பாடு. முகம் மங்கலாகத் தெரியும்படி கம்ப்யூட்டரில் மாஸ்க் போட வேண்டும், குரலை மாற்ற வேண்டும். அதை நான்தான் செய்ய வேண்டும். இருபத்தொரு வருடம் முகங்களைப் பளபளப்பாக்கிய எனக்கு ஒரு முகத்தை மறைக்கத் தெரியவில்லை. நான் போட்ட மாஸ்க் அவன் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் சுற்றிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைப் போய்ப் பிடித்துக்கொண்டது. குரலை மாற்றினேன். இசக்கி அணில் பேசுவது போலப் பேசினான். ரிஸ்வானா தரையில் விழுந்து சிரித்தாள். சரி, கல்யாண வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு நிதானமாகச் செய்யலாம் என்று குரலை மட்டும் பழையபடி ஆக்கிவிட்டு நிறுத்தி வைத்தேன்.

பெயர் வைத்தது

நான் செய்த தப்பு இதுதான். புதிதாக வருகிற பிள்ளைகள் இந்த ஒரு பத்தியையாவது இரண்டு தரம் படிக்கவும்.

ஸ்டுடியோவிலிருந்து ஆட்கள் என் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலிருந்து வேலைகளை எடுத்துப் போவார்கள். யார் கண்ணிலும் அந்தப் படம் பட்டுவிடக்கூடாது என்று நான் பயந்தேன். 'இசக்கி பேட்டி' என்று எழுதி வைக்க முடியுமா? அதனால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெயராக வைத்தேன். அந்த வாரம் கீழத்தெருவில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கம் பெண் மாப்பிள்ளை பெயரை எழுதினால் குழப்பம். பாதிப் பேர் இசக்கியம்மாள், மீதிப் பேர் இசக்கிமுத்து. அதனால் தெருப் பெயரைத்தான் எழுதுவோம். கல்யாணப் பெண் மாப்பிள்ளையை ஆற்றங்கரையிலும் தென்னந்தோப்பிலும் நடக்கவிட்டு எடுத்த வீடியோ 'கீழத்தெரு ரிசப்ஷன் ஃபைனல்' என்று இருந்தது. அதே ஃபோல்டருக்குள், அதற்குக் கீழேயே, எங்கள் படத்தை 'கீழத்தெரு ரிசப்ஷன் ஃபைனல் 2' என்று ஒளித்து வைத்தேன். எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நினைத்து அன்று இரண்டு டீ குடித்தேன்.

வெள்ளிக்கிழமை, மண்டபத்து ஸ்கிரீனில் போடுவதற்கு, அவசரத்தில் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இந்தத் தொழிலில் ஃபைனல் என்று எழுதியது எதுவும் ஃபைனல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கஸ்டமர் வந்து மாமாவைச் சேர் என்பார், ஃபைனல் 2 வரும். அத்தையை எடு என்பார், ஃபைனல் 3 வரும். ஆகவே கடைசி நம்பர் எதுவோ அதைத்தான் போட வேண்டும். மண்டபத்தில் எல்இடி ஸ்கிரீன் போடும் ஆபரேட்டர் ஒழுங்கான தொழில்காரர். கடைசி நம்பரைப் போட்டார். அது தானாகத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தார். லேப்டாப்பைப் பூட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

கேட்

ரிஸ்வானா ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால். குலவணிகர்புரம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அது எப்போதும் அப்படித்தான், எங்கள் ஊர்க்காரர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வலது பக்கம் ரயில் இல்லை, இடது பக்கமும் இல்லை. கேட் மட்டும் அடைத்திருந்தது.

ரிஸ்வானா இசக்கிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஏலே, ஓடிருலே!"

"எங்க ஓட? கையில சாம்பார் வாளி இருக்கு. நாலு வரிசை பாக்கி."

"ஒன் மூஞ்சி ஸ்கிரீன்ல ஓடுதுல!"

"தெரியும். எதுத்தாப்புல சாப்புடுத தாத்தா 'நல்லாப் பேசுத'ன்னாரு. ரெண்டாவது தடவை சாம்பார் வாங்கினாரு."

அவன் குரல் சாதாரணமாக இருந்தது. அதற்குள் கார்த்திகாவிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, எங்க அப்பா போன்ல நம்ம படம் ஓடுது! யாரோ மண்டபத்துலருந்து எடுத்து அனுப்பிருக்காவ. தெருவே பாக்கு."

"ஒங்கப்பா என்ன சொல்லுதாவ?"

"நான் தொட்டியில தொங்குன எடத்த ரெண்டு தடவ போட்டுப் பாத்தாவ. அப்புறம் துண்ட எடுத்துக்கிட்டுத் தொட்டிப் பக்கம் போயிட்டாவ. பயமா இருக்கு."

ரயில் வந்தது. ஒரே ஒரு எஞ்சின். தனியாக, மெதுவாக, எங்களைப் பார்த்துக்கொண்டே போனது.

மண்டபம்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம். வாசலில் அண்ணாச்சி வேர்த்து நின்றார்.

"நிப்பாட்டத்தான் பாத்தேன். வயரப் புடுங்கினேன். மேடை லைட்டு, ஃபேன், ஏசி எல்லாம் சேந்து நின்னுட்டு. மாப்பிள்ள வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான். திருப்பிச் சொருகினேன், படம் மொதல்லருந்து ஓடுது."

"இப்ப ஆபரேட்டர் வந்துட்டாரா?"

"வந்துட்டான். சனம் விடமாட்டேங்கு. 'பாதியில வந்தோம், முழுசா போடும்வே'ங்காவ."

உள்ளே போனேன். இருபத்தொரு வருடத்தில் அப்படி ஒரு கல்யாண மண்டபத்தை நான் பார்த்ததில்லை. யாரும் சாப்பாட்டுக்கு இடம் பிடிக்கவில்லை. யாரும் மொய் எழுதவில்லை. எல்லா நாற்காலியும் ஸ்கிரீனைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு மேடையிலிருந்து இறங்கி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சங்கரன்கோவில் பக்கம். அவர்களில் ஒருவர் என்னிடம், "நல்லாத்தான் இருக்கு, பொண்ணு எப்ப வரும்?" என்று கேட்டார்.

சரியாக அந்த நேரத்தில் பச்சைத் துணி வந்தது. ஊட்டிப் பின்னணியைக்கூட நான் சேர்க்கவில்லை. இசக்கி, மாஸ்க் இல்லாமல், பதினைந்தடி உயரத்தில். சுற்றிக்கொண்டிருந்த ஃபேனுக்கு மட்டும் மாஸ்க்.

"...என் கல்லு கண்ணாடிய ஒடச்சிட்டு உள்ள போறத நான் பாத்தேன்."

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து பட்டு வேட்டியோடு ஒருவர் எழுந்தார். பெண்ணின் தாய்மாமன், மூக்கையா என்று பிறகு சொன்னார்கள்.

"ஏலே, மொதத் தடவ போடும்போதே சொல்லணும்னு நெனச்சேன். ஒன் கல்லா? ஒன் கல்லு வாய்க்கால்லல்லா விழுந்துச்சு! கண்ணாடிய ஒடச்சது என் கல்லு!"

"நீரு அன்னைக்குக் கோவில்பட்டியிலல்லா இருந்தீரு!" என்றார் பின்னால் ஒருவர். "ஒடச்சது நானும் எங்க அண்ணனும்."

"ரெண்டு பேரு சேந்து ஒரு கல்லையா எறிஞ்சிய? மாவாட்டுத கல்லா?"

சத்தம் கூடியது. ஐந்து வருடமாக யாருக்கும் தெரியாது என்று சொல்லப்பட்ட விஷயத்துக்கு ஆளாளுக்குப் பங்கு கேட்டார்கள். முதல் வரிசையில் எஸ்.ஐ. எழுந்து திரும்பினார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"சத்தம் போடாதீங்க. மொத்தம் எத்தன பேரு எறிஞ்சீங்க? கையத் தூக்குங்க பாப்போம்."

ஏழு கை உயர்ந்தது. எஸ்.ஐ. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு கை தலையைச் சொறிந்தது. ஒரு கை துண்டை உதறியது. மூக்கையா மாமா தூக்கின கையால் மேலே ஃபேனைக் காட்டி, "காத்தே வரல" என்றார். எண்ணி முடிப்பதற்குள் எல்லாக் கையும் இறங்கிவிட்டது.

ஒரு கை மட்டும் இறங்கவில்லை. பந்தி வாசலில் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு இசக்கி நின்றான்.

"நீதான அந்தப் பையன்? கையக் கழுவிட்டு வா" என்றார் எஸ்.ஐ.

நான் முன்னால் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று யோசிக்கவில்லை.

"சார், அது நடிப்பு சார். குறும்படம். நான்தான் மிக்ஸிங். எழுதிக் குடுத்துப் பேச வச்சது சார்."

"இல்ல சார், டாகுமெண்டரி" என்றாள் என் மகள், என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"ரிஸ்வானா!"

"யாரும் எழுதிக் குடுக்கல சார். உண்மை."

பெற்ற பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அந்த நிமிடம் அவள் வாயைப் பொத்த ஒரு துணி கிடைக்காதா என்று தேடினேன்.

இசக்கி கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தான். "நான்தான் சார். அப்பம் எனக்குப் பதினஞ்சு. அடுத்த மாசம் வெரிஃபிகேஷன் வரும், அதுக்கு முன்னால ஸ்டேசனுக்கு வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். அம்மாவுக்குத்தான் பயந்தேன்." அவன் அம்மா சமையல்கட்டு வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மண்டபம் முழுவதும் அவளைப் பார்த்தது. இவ்வளவு நேரம் பங்கு கேட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

எஸ்.ஐ. பேனாவை மூடினார். "அப்பம் நீ சின்னப் பய, அது வேற கணக்கு. ஆனா அடிபட்டவன்னு ஒருத்தன் இருக்காம்லா. கம்ப்ளெய்ன்ட் அவரோடது. விடணுமா பிடிக்கணுமான்னு அவரு வந்து சொல்லட்டும். டிரைவர எங்க?"

"பாக்கிச் சனத்த ஏத்த ரெண்டாவது ட்ரிப்புக்கு ஊருக்குப் போயிருக்காரு" என்றார் பெண்ணின் அப்பா. "இப்ப வந்துருவாரு."

காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது; அந்த நாளில் நான் கடிகாரம் பார்க்காத நேரம் அது ஒன்றுதான். ஆபரேட்டர் ஒருவழியாகப் படத்தை நிறுத்தினார். நிறுத்தின இடத்தில் இசக்கியின் முகம் பாதிக் கண் மூடியபடி ஸ்கிரீனில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே நான் நினைத்தேன். பயந்து ஒரு பொருளுக்குப் பொய்ப் பெயர் வைத்தேன். அந்தப் பெயரே அதை நடுமண்டபத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அது ஒரு பாடம், தொழிலுக்கு. இன்னொன்று எனக்கு. அந்தப் பையனைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவன் சொல்ல வந்த ஒரே ஒரு விஷயத்தை வெட்டுவதற்குக் கத்திரியோடு நான் உட்கார்ந்திருந்தேன். இனி படத்தில் இருக்கிறவரைக் கேட்காமல் யாரையும் வெட்டமாட்டேன். காக்கியைக்கூட.

வெளியே மினி பஸ் வந்து நிற்கும் சத்தம். இறங்கின சனத்துக்குப் பின்னால், கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலாயுதம் வந்தார். புருவத்தில் தையல் போட்ட கோடு தெரிந்தது. ஸ்கிரீனில் நின்ற பெரிய முகத்தைப் பார்த்தார். கீழே நின்ற சின்ன முகத்தைப் பார்த்தார். எஸ்.ஐ. இரண்டு வரியில் நடந்ததைச் சொல்லி, "என்ன சொல்லுதீரு? கேஸ நடத்துவமா?" என்று கேட்டார்.

வேலாயுதம் எஸ்.ஐ.யைத் தாண்டி நடந்தார். இசக்கிக்கு முன்னால் போய் நின்றார்.

"நீயாலே? அஞ்சு வருசமா தெனமும் எம் பஸ்ல ஏறுத. நான் 'ஏலே வா'ன்னு கூப்பிட்டாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் பின்னால போயிருவ. நான் என்ன பண்ணினேன், எப்பம் இந்தப் பய மனசு நோகப் பேசினேன்னு வீட்டுல சொல்லிப் பொலம்பிக்கிட்டு இருந்தேம்லே. நான் எங்க கேஸ நடத்த? என்னைக்காவது ஒன்னப் புடிச்சு நிறுத்தி, கோவப்படாத தம்பின்னு மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்."